கேம் வரும் பின்னே, காசு வரும் முன்னே

பெரிய கம்பெனி எதையும் சாராமல் வீடியோ கேம் செய்கிறவர்கள் கிக்ஸ்டார்ட்டர் போன்ற இணையதளங்கள் வழியாக மக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டுவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கிக்ஸ்டார்ட்டரில் ஒரு கேமுக்கு 20 டாலர் போட்டேன். "அது நன்கொடை, மறந்துவிடு" என்கிறான் நண்பன். அந்த கேமின் லாபத்தில் எனக்குப் பங்கு உண்டா?
– கோவை வாசகர்

பங்கு கிடையாது. ஆனால் நன்கொடை என்று சொல்வதும் சரியில்லை. நம் பதிப்பகங்கள் பெரிய புத்தகங்களுக்கு முன்வெளியீட்டுத் திட்டம் அறிவிக்கின்றன அல்லவா? இப்போதே குறைந்த விலையைக் கட்டினால், அச்சானதும் புத்தகம் வீடு வந்து சேரும். இதுவும் அந்த வகைதான். வித்தியாசம் என்னவென்றால், புத்தகத்தில் கையெழுத்துப் பிரதி பெரும்பாலும் தயாராக இருக்கும். காகிதத்துக்கும் அச்சுக்கும்தான் பணம் கேட்பார்கள். கேமில் முதல் வரி எழுதும் முன்பே கேட்கிறவர்களும் உண்டு.

2009 ஏப்ரலில் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டரில், குறித்த நாளுக்குள் இலக்குத் தொகை முழுதாகச் சேர்ந்தால்தான் உங்கள் கார்டிலிருந்து பணம் எடுப்பார்கள். ஒரு டாலர் குறைந்தாலும் யாருக்கும் எதுவும் போகாது. அதுவரை மனம் மாறினால் விலகிக்கொள்ளலாம். கடைசி 24 மணி நேரத்தில் மட்டும், நீங்கள் விலகுவதால் மொத்தம் இலக்குக்குக் கீழே இறங்குமென்றால் விலக விடமாட்டார்கள். பணம் எடுத்த பிறகு கிக்ஸ்டார்ட்டர் திருப்பித் தராது. கேட்க வேண்டியது கேம் செய்கிறவரிடம்.

நிஜமாகவே நன்கொடையில் வாழ்ந்த கேம் ஒன்று உண்டு: ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ். 2006இலிருந்து இலவசமாகக் கிடைத்தது. விளையாடியவர்கள் விருப்பப்பட்டு அனுப்பிய காசில்தான் அதைச் செய்த ஆடம்ஸ் சகோதரர்கள் ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளினார்கள். 2022 டிசம்பரில்தான் கணினி கேம்களுக்கான இணையக் கடையான ஸ்டீமில் விலைக்கு வந்தது. நன்கொடைக்கு ஈடாக எதையும் வாக்குக் கொடுக்காத வழி அது.

இரண்டு பேர் சேர்ந்து ஒரு கேம் செய்கிறோம். மாதிரி தயார். முடிக்க இன்னும் ஒரு வருடம் ஆகும். கிக்ஸ்டார்ட்டரில் எவ்வளவு இலக்கு வைக்கலாம்?
– டொரன்டோ வாசகர்

பலரும் தலைகீழாகக் கணக்குப் போடுகிறார்கள். "20,000 கேட்டால் கொடுப்பார்கள்" என்று முடிவு செய்துவிட்டு அதற்குள் கேமைத் திணிக்கிறார்கள். செலவிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்க டாலரிலும் அமெரிக்கக் கட்டணத்திலும் ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வருடம் என்று நீங்கள் சொல்வதை நாங்கள் 18 மாதம் என்றே எடுத்துக்கொள்கிறோம். கோபித்துக்கொள்ளாதீர்கள். பக் எனப்படும் பிழைகளின் திருத்தம், மொழி மாற்றம், கண்ட்ரோலர் சோதனை எல்லாம் எப்போதும் அந்தக் கடைசி ஆறு மாதத்தில்தான் வந்து நிற்கும். ஆளுக்கு மாதம் 1,500 டாலர் என்று மிகச் சிக்கனமாக வைத்தாலும் இரண்டு பேருக்கு 54,000. இசை, ஒலிக்கு 5,000. சோதனை, மொழிபெயர்ப்பு, டிரெய்லர், ஸ்டீமில் கேமைச் சேர்க்க ஒருமுறை கட்டும் 100 டாலர் எல்லாம் சேர்த்து இன்னொரு 5,000. கைக்கு வரவேண்டியது 64,000.

இப்போது கழிவுகள். கிக்ஸ்டார்ட்டர் 5 சதவீதம் எடுக்கும். கார்டு கட்டணம் 3 சதவீதம், அதோடு ஒவ்வொரு ஆளுக்கும் 20 சென்ட். சராசரியாக ஒருவர் 30 டாலர் போடுகிறார் என்றால் அந்த 20 சென்ட் மட்டுமே 0.67 சதவீதம். கடைசி நாளில் காலாவதியான கார்டு, பணமில்லாத கணக்கு என்று சில தொகைகள் விழாமலே போகும். 2 சதவீதம் ஒதுக்குங்கள். பணம் போட்டவர்களுக்குத் தரும் பரிசுப் பொருட்களுக்கு (ரிவார்டு) 8 சதவீதம். எல்லாம் கூட்டினால் சுமார் 18.7 சதவீதம் போய்விடுகிறது. 64,000 கையில் நிற்க வேண்டுமானால் திரட்ட வேண்டியது ஏறத்தாழ 78,700. இதில் வருமான வரி இன்னும் சேரவில்லை.

78,700ஐ 30ஆல் வகுங்கள். 2,600 பேருக்கு மேல் வேண்டும். 2014 இறுதியில் ஹாலோ நைட்டுக்குப் பணம் போட்டவர்கள் 2,158 பேர். 2013இல் அண்டர்டேலுக்கு 2,398 பேர். இன்று உலகமே அறிந்த இரண்டு கேம்களுக்கும் அன்று கிடைத்ததைவிட அதிக ஆட்கள் உங்களுக்குத் தேவைப்படுகிறார்கள், அதுவும் மாதம் 1,500 டாலரில் வயிற்றைக் கட்டிக்கொண்டு வாழ்வதற்கு. ஹாலோ நைட் கேட்டது 35,000 ஆஸ்திரேலிய டாலர், சேர்ந்தது 57,138. அண்டர்டேல் கேட்டது 5,000 அமெரிக்க டாலர், சேர்ந்தது 51,124.

ஆகவே, மக்களிடம் கேட்பது கேமின் முழு விலையாக இருக்கத் தேவையில்லை. எஃப்டிஎல் என்ற விண்கப்பல் கேமைச் செய்த இருவரும் 2012இல் 10,000 டாலர்தான் கேட்டார்கள். கேம் ஏற்கெனவே விளையாடும் நிலையில் இருந்தது. முடித்து மெருகேற்றத்தான் பணம். 2,00,542 டாலர் சேர்ந்தது, அதே ஆண்டு செப்டம்பரில் கேம் வெளிவந்தது. உங்கள் கணக்கிலும் சேமிப்பு, பகுதி நேர வேலை, அரசு மானியம் போன்றவற்றால் எதை மூட முடியும் என்று பாருங்கள். மிச்சத்தை இலக்காக வையுங்கள். இலக்கு சரியாக எட்டி, ஒரு டாலர்கூட அதிகம் வராவிட்டாலும் கேமை முடிக்க முடியுமா? முடியாது என்றால் அந்த எண் தவறு. குறைத்துக் கேட்டால் நிறைய வரும் என்ற நம்பிக்கையில் வைத்த இலக்கு, அது மட்டுமே நிறைவேறும்போதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

டி-ஷர்ட், போஸ்டர் எல்லாம் கொடுத்தால் அதிகம் போடுவார்கள் இல்லையா?
– திருப்பூர் வாசகர்

திருப்பூரிலிருந்து இந்தக் கேள்வி வருவதில் ஆச்சரியமில்லை. ஆனால் விலையைத் தீர்மானிப்பது பனியன் இல்லை, தபால்.

50 டாலர் போட்டால் டி-ஷர்ட் என்று வையுங்கள். கட்டணங்கள் 2.50, 1.50, 0.20 சேர்த்து 4.20. சட்டை 10, உறை 2, வெளிநாட்டுத் தபால் 16. உங்களிடம் மிஞ்சுவது 17.80. கேம் மட்டும் தரும் 15 டாலர் ரிவார்டில் கழிவு 1.40தான், மிஞ்சுவது 13.60. 35 டாலர் கூடுதலாகக் கேட்டு, கையில் நிற்பது 4.20 கூடுதல். அதற்கும் ஆறு அளவுகளில் சட்டை அடித்து வைத்து, இரண்டு வருடத்தில் வீடு மாறியவர்களின் புது முகவரியைத் துரத்தி, திரும்பி வந்த பார்சலை மறுபடி அனுப்ப வேண்டும். 2021 ஜூலையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரும் மலிவான பார்சலுக்கும் வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி உண்டு. முன்பு 22 யூரோ வரை இருந்த விலக்கு போய்விட்டது. வாட்டை யார் கட்டுவது என்று முதலிலேயே எழுதாவிட்டால், வாசலில் வரி கேட்கும் தபால்காரர் மீது வரவேண்டிய கோபம் உங்கள் மீது வரும்.

பொருள் கொடுத்தே தீரவேண்டுமா? தபால் செலவை இப்போது வாங்காதீர்கள். அனுப்பும் மாதத்தில், அன்றைய கட்டணத்தில், பணம் போட்டவர்களின் முகவரியையும் தபால் காசையும் பிறகு வாங்கித் தரும் பேக்கர்கிட் போன்ற சேவை வழியாகத் தனியாக வாங்குங்கள். காசு செலவாகாத ரிவார்டுகள்தான் நல்லவை: இசைத் தொகுப்பு, மின்னூல் வடிவில் ஓவியங்கள், நன்றிப் பட்டியலில் பெயர், முன்கூட்டியே பீட்டா எனும் சோதனைப் பதிப்பு. "உங்கள் முகத்தைக் கேமில் பாத்திரமாக வைக்கிறோம்" என்பது மட்டும் இலவசம் போலத் தெரியும், ஆனால் இல்லை. ஒரு பாத்திரத்துக்கு ஓவியருக்கு மூன்று நாள் என்றால் 20 பேருக்கு 60 வேலை நாள். எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வையுங்கள்.

டபுள் ஃபைன் கேட்டது 4 லட்சம் டாலர், கிடைத்தது 33 லட்சம். அப்படியும் பணம் போதவில்லையாமே? எங்கே போனது?
– திருநெல்வேலி வாசகர்

யாரும் சுருட்டிக்கொண்டு போகவில்லை. சம்பளத்தில்தான் போனது.

2012 பிப்ரவரியில் டிம் ஷேஃபரின் டபுள் ஃபைன் ஸ்டூடியோ ஒரு சின்ன சாகசக் கேம் செய்கிறோம், அதை ஆவணப்படமாகவும் எடுக்கிறோம் என்று அறிவித்தது. அந்த ஆண்டு அக்டோபரில் கேம் வரும் என்றார்கள். 87,142 பேர் சேர்ந்து 33,36,371 டாலர் கொட்டினார்கள். எட்டு மடங்கு பணம் வந்ததும் கேமும் பெரிதானது. கையால் வரைந்த பின்னணிகள், பேர்பெற்ற நடிகர்களின் குரல், இரண்டு முதன்மைப் பாத்திரங்கள்.

அமெரிக்க ஸ்டூடியோக்களில் ஓர் ஆளுக்கு மாதம் 10,000 டாலர் என்று பட்ஜெட் போடுவது வழக்கம். சம்பளம், காப்பீடு, வாடகை, கணினி எல்லாம் அதற்குள். 33 லட்சத்தை 10,000ஆல் வகுத்தால் 330 ஆள்-மாதம், அதாவது ஓர் ஆள் 330 மாதம் செய்யும் வேலை. 15 பேர் வேலை செய்தால் 22 மாதம்தான். அதிலிருந்தும் கட்டணம், ஆவணப்படம், ரிவார்டு செலவைக் கழிக்க வேண்டும். 2013 ஜூலையில் ஷேஃபர் பணம் போட்டவர்களிடம் நிலைமையைச் சொல்லி, கேமை இரண்டாகப் பிரித்து முதல் பாதியை விற்று அந்தக் காசில் மறுபாதியை முடிப்பதாகச் சொன்னார். ப்ரோக்கன் ஏஜ் என்று பெயர் வைத்த அந்த கேமின் முதல் பாகம் 2014 ஜனவரியில் வந்தது, இரண்டாம் பாகம் 2015 ஏப்ரலில். திட்டமிட்டதைவிட இரண்டரை ஆண்டு தாமதம்.

எங்கள் கருத்தில் தவறு கேமைப் பெரிதாக்கியதில் இல்லை. 4 லட்சத்துக்கான கேமை 33 லட்சம் கொடுத்தவர்கள் ஏற்றிருக்க மாட்டார்கள். தேதியை அன்றைக்கே மாற்றிச் சொல்லாததுதான் தவறு. நான்கு லட்சத்துக்குச் சொன்ன அக்டோபர் 33 லட்சத்துக்கு எப்படிப் பொருந்தும்?

ஸ்ட்ரெச் கோல் என்கிறார்களே, அதில் என்ன ஆபத்து?
– ஈரோடு வாசகர்

இலக்கைத் தாண்டிப் பணம் வந்தால் "இன்னும் இவ்வளவு சேர்ந்தால் இதையும் செய்வோம்" என்று அறிவிப்பது. ஆறு நொடியில் தட்டச்சு செய்துவிடலாம். செய்து முடிக்கத்தான் ஆண்டுகள் ஆகும்.

ஷவல் நைட் என்ற கேம் 2013இல் 75,000 டாலர் கேட்டு 3,11,502 பெற்றது. எதிரித் தளபதிகளில் மூவரை நாயகர்களாக வைத்தும் விளையாடலாம், ஒருவரோடொருவர் மோதும் பகுதியும் உண்டு என்று ஸ்ட்ரெச் கோல்கள் வைத்தார்கள். கேம் 2014 ஜூனில் வந்தது. வாக்குக் கொடுத்தவற்றில் கடைசிப் பகுதி வந்து சேர்ந்தது 2019 டிசம்பரில். ஐந்தரை ஆண்டு, வாங்கியவர்களிடம் கூடுதல் காசு கேட்காமல். மூல கேம் நன்றாக விற்றதால்தான் தாக்குப்பிடித்தார்கள். ஹாலோ நைட்டின் கதை இன்னும் நீளம். இரண்டாவது பாத்திரம் என்று வைத்த ஸ்ட்ரெச் கோல் தனிக் கேமாக வளர்ந்து, சில்க்சாங் என்ற பெயரில் 2025 செப்டம்பர் 4 அன்று வெளிவந்தது. அன்றைக்குப் பணம் போட்டவர்களுக்கு அதுவும் இலவசம்.

மைட்டி நம்பர் 9 என்ற கேம் எதிர்த் திசை. 2013இல் 9 லட்சம் டாலர் கேட்டு 38 லட்சத்துக்கு மேல் திரட்டியது. பிசியில் தொடங்கி, பணம் ஏற ஏறப் புதுப் புதுக் கருவியைச் சேர்த்துக்கொண்டே போனார்கள்: மேக், லினக்ஸ், பழைய பிளேஸ்டேஷன், புது பிளேஸ்டேஷன், இரண்டு எக்ஸ்பாக்ஸ், வீ யு, கையில் பிடித்து ஆடும் கைக்கருவிகள். ஒவ்வொரு கருவிக்கும் தனியாகச் சோதிக்க வேண்டும், தனியாக அந்தந்தக் கம்பெனியின் ஒப்புதல் வாங்க வேண்டும். ஒன்றில் வரும் பக்கைத் திருத்தினால் மற்ற எல்லாவற்றிலும் மறுபடி சோதனை. மூன்று முறை தள்ளிப்போய் 2016 ஜூனில் வந்தது. கைக்கருவிப் பதிப்புகள் வரவே இல்லை.

வைக்கவேண்டுமென்றால் இசைக்கலைஞர் கூடுதல் நாள் வேலை செய்வது, இன்னொரு மொழி போன்றவற்றை வையுங்கள். காசு கொடுத்தால் வெளியாள் செய்து தந்துவிடுவார். புரோகிராமரின் நேரத்தைக் கேட்கும் எதையும் வைக்காதீர்கள். இருக்கிற ஒரு புரோகிராமரைப் பணத்தால் இரண்டாக்க முடியாது.

பிரச்சாரத்தை எப்படி நடத்துவது? எத்தனை நாள்?
– சிங்கப்பூர் வாசகர்

60 நாள் வரை அனுமதி உண்டு, 30 போதும். பணம் முதல் மூன்று நாளிலும் கடைசி இரண்டு நாளிலும்தான் குவியும், நடுவில் பாலைவனம். நாளைக் கூட்டினால் பாலைவனம்தான் நீளும். பக்கத்தைப் பார்த்து "நினைவூட்டு" பொத்தானை அழுத்தி வைத்தவர்களுக்கு முடிய 48 மணி நேரம் இருக்கும்போது மின்னஞ்சல் போகும். கடைசி ஏற்றம் பெரும்பாலும் அதனால்தான்.

முதல் நாளில் வரப்போகிறவர்களை முன்பே சேர்த்து வையுங்கள். தொடங்குவதற்கு முன்பான அறிமுகப் பக்கத்தை இரண்டு மூன்று மாதம் முன்பே போட்டு, பின்தொடர்பவர்களைச் சேருங்கள். வீடியோவில் முதல் பத்து நொடிக்குள் கேம் ஓடவேண்டும். உங்கள் முகமும் லட்சியமும் பிறகு வரட்டும். எல்லாவற்றையும்விட டெமோ பெரிது. அண்டர்டேல் பணம் கேட்டபோதே ஒரு பகுதியை விளையாடக் கொடுத்தது. இந்தத் துறையில் பெயரில்லாதவர் கேட்ட தொகையைப் போல பத்து மடங்கு எப்படிப் பெற்றார் என்று தேடுகிறவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

முடிந்து இரண்டு வாரத்தில் பணம் வங்கிக்கு வரும். நவம்பரில் வாங்கி அடுத்த வருடம் செலவழித்தால், வருமானம் ஓர் ஆண்டிலும் செலவு மறு ஆண்டிலும் விழுந்து வரி எகிறலாம். எந்த மாதம் முடிப்பது என்பதை உங்கள் கணக்காளரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சென்னையில் இருந்துகொண்டே கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்ட முடியுமா?
– சென்னை வாசகர்

நீங்கள் மற்றவர்களுக்குப் போடலாம். திரட்ட முடியாது, திரட்டுகிறவர்களுக்கான நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. வெளிநாட்டு நண்பரின் பெயரில் தொடங்கலாம் என்று யோசனை சொல்வார்கள். அப்படிச் செய்தால் சட்டப்படி பணமும் பொறுப்பும் வரியும் அவருடையவை. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இங்கேயே நேரடியாகத் திரட்டுவதில் மூன்று கண்ணிகள். ஒன்று, "கேம் ஓடினால் லாபத்தில் பங்கு" என்று பொதுமக்களிடம் சொல்லவே கூடாது. அது முதலீடு, டெபாசிட் என்று போய், 2019இன் முறைப்படுத்தப்படாத டெபாசிட் தடைச் சட்டம் வரை இழுக்கும். இரண்டு, பிரைவேட் லிமிடெட்டாகப் பதிந்திருந்தால், பொருளுக்கோ சேவைக்கோ வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் அந்த விற்பனையில் கழிக்க வேண்டும் என்கிறது 2014இன் டெபாசிட் விதி. இரண்டு வருட கேமுக்கு முதல் நாளே முன்பணம் வாங்கினால் இடிக்கும். மூன்று, சேவைக்கான முன்பணத்துக்கு வாங்கும்போதே ஜிஎஸ்டி. டவுன்லோடு செய்யும் கேம் சேவைக் கணக்கில் வரும். பதிவு தேவைப்படும் அளவா, வெளிநாட்டு வரவுக்கு என்ன வழி என்பதை ஆடிட்டர் பார்த்துச் சொல்வார். பணம் வந்த பிறகு அவரிடம் போகாதீர்கள், முன்பே போங்கள்.

எங்களைக் கேட்டால், இந்தியாவிலிருந்து செய்கிறவருக்கு ஸ்டீமின் ஏர்லி ஆக்சஸ் சிக்கல் குறைந்த வழி. முடியாத கேமையே விலைக்கு விற்பது அது. 2013 மார்ச்சில் வந்தது. ஸ்டீம் வழக்கமாக 30 சதவீதம் எடுத்துக்கொள்ளும். வாங்கியவர் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். ஆகவே விளையாடத்தக்க ஒன்று முதல் நாளே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை ஆடும்போதும் புதிதாக அமையும் கேம்களுக்கு இது பொருந்தும். கதை கேமுக்கு ஆகாது. பாதிக் கதையைப் படித்தவர் மீதிக்கு ஒரு வருடம் கழித்து வரமாட்டார்.

பணம் போட்டவர்களுக்கு ஸ்டீம் கீ கொடுத்தால் 30 சதவீதம் மிச்சம்தானே?
– சேலம் வாசகர்

மிச்சம்தான். கேமைத் தன் கணக்கில் சேர்க்க வாங்கியவர் உள்ளிடும் குறியீடுதான் கீ, அவற்றை ஸ்டீம் கேம் செய்கிறவருக்கு இலவசமாகத் தருகிறது. ஆனால் 2016 செப்டம்பரிலிருந்து, கீ வழியாகக் கேமைப் பெற்றவர்கள் எழுதும் விமர்சனம் மதிப்பெண் கணக்கில் சேர்வதில்லை. உங்கள் மீது உயிரையே வைத்திருக்கும் 2,000 பேர் பாராட்டி எழுதினாலும் கடைப்பக்கத்தின் மதிப்பெண் அசையாது. வெளியீட்டு நாளில் அங்கே காசு கொடுத்து வாங்கும் அந்நியர்கள்தான் அதைத் தீர்மானிப்பார்கள். ஆகவே பணம் திரட்டும் பக்கத்திலேயே பிறகு வாங்க விரும்புவதைக் குறித்து வைக்கும் ஸ்டீம் விஷ்லிஸ்ட்டுக்கும் ஒரு இணைப்புக் கொடுங்கள். 30 நாளில் வந்து பார்த்துவிட்டுப் பணம் போடாமல் போகிறவர்கள்தான் அந்த அந்நியர்கள்.

ஸ்டார் சிட்டிசன் எப்போது முடியும்?
– புதுச்சேரி வாசகர்

அந்த விண்வெளி கேமுக்கு 2012இல் திரட்டத் தொடங்கி 70 கோடி டாலரைத் தாண்டிவிட்டார்கள். பணம் வந்துகொண்டே இருக்கும்போது முடிக்க என்ன அவசரம்?

கேம் நின்றுபோனால் என் பணம்?
– தஞ்சாவூர் வாசகர்

கிக்ஸ்டார்ட்டர் விதிப்படி, செய்ய முடியாதவர் பணம் எப்படிச் செலவானது என்று விளக்க வேண்டும், மீதம் இருந்தால் திருப்பித் தர வேண்டும். நின்றுபோகிற நேரத்தில் மீதம் இருப்பது அபூர்வம். யோக்வென்ச்சர்ஸ் என்ற கேம் 2012இல் 5,67,665 டாலர் திரட்டி 2014இல் கைவிடப்பட்டது. ஓவியர் ஒருவருக்கு 35,000 டாலரை மொத்தமாக முன்பே கொடுத்துவிட, அவர் சில வாரங்களில் வேறு வேலைக்குப் போய்விட்டார். இத்தனை வேலைக்கு இத்தனை என்று தவணையாகக் கொடுத்திருக்க வேண்டும். வீடு கட்டும் மேஸ்திரிக்கே நாம் மொத்தத்தையும் முன்பே கொடுப்பதில்லை.

போடும் முன் பாருங்கள். ஓடும் கேம் வீடியோவில் தெரிகிறதா, வெறும் ஓவியமா? இதே ஆட்கள் இதற்கு முன் சின்னதாகவாவது ஒன்றை முடித்து வெளியிட்டிருக்கிறார்களா? இலக்கை ஆள்-மாதத்தால் வகுத்தால் சொன்ன தேதிக்குத் தாங்குமா? ஐந்து பேர், இரண்டு வருடம், 40,000 டாலர் என்றால் ஆளுக்கு மாதம் 333 டாலர் வருகிறது. வேறு வருமானம் எங்கே என்று அந்தப் பக்கத்திலேயே கேள்வி கேளுங்கள். பதில் சொல்கிறவருக்குப் போடுங்கள்.